துளை வண்டு ஆய்வுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு

2014-இல் எம்.எஸ்சி. பூச்சியியல் ஆய்வுக்குத் தலைப்பு தேடியபோது, அம்புரோசியா வண்டு என்ற பெயரை நான் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன், அவ்வளவுதான். வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போன முதல் நாள்தான் அது என்னவென்று புரிந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்கா, ஒடிந்த கிளை ஒன்றை என் கையில் கொடுத்து, "போரர் அடிச்ச செடி தம்பி, லேசா சாஞ்சாலே முறிஞ்சிரும்" என்றார்.

முறிந்த இடத்தில் பென்சில் முள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. கவாத்துக் கத்தியால் கிளையை நெடுக்காகப் பிளந்தேன். தண்டைச் சுற்றி மோதிரம் போல ஒரு சுரங்கம், அதிலிருந்து மேலும் கீழுமாகப் பிரியும் வழிகள், சுவரில் பூஞ்சைப் படலம், அதைத் தின்றுகொண்டு வெள்ளைப் புழுக்கள். ஓட்டையை அடைத்தபடி, இரண்டரை மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத கறுப்புத் தாய் வண்டு. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மனிதன் ஏர் பிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே விவசாயம் பார்க்கத் தொடங்கிய உயிர் அது.

முதலில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். பட்டை வண்டு பட்டைக்கு அடியிலுள்ள உள்பட்டையைத் தின்கிறது. அம்புரோசியா வண்டு மரத்தைத் துளைக்கிறதே தவிர, மரத்தைத் தின்பதில்லை. கூடவே கொண்டுவந்த பூஞ்சையைச் சுரங்கச் சுவரில் வளர்த்து அதைத் தின்கிறது. பூஞ்சையைச் சுமக்க அதன் உடம்பிலேயே பை உண்டு, மைகாஞ்சியம் என்பார்கள். எஸ்டேட்டில் நான் பார்த்த அந்தப் போரருக்கு, அதாவது தேயிலைத் துளைப்பானுக்கு, அந்தப் பை வாயருகே இருக்கிறது.

வேளாண் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வான ஏ.எஸ்.ஆர்.பி. நெட் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பழைய பாடநூல்களில் பட்டை வண்டுகளும் தேயிலைத் துளைப்பானும் சேர்ந்த ஸ்கோலிடிடே என்பது தனிக் குடும்பம். இப்போது அதை ஸ்கோலிடினே என்று கூன்வண்டுக் குடும்பத்தின் துணைக்குடும்பமாக வைக்கிறார்கள். இரண்டையும் தெரிந்து வைத்திருந்தால்தான் கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் தடுமாற மாட்டீர்கள். காபிக் காய்த் துளைப்பானும் இதே கூட்டம்தான், இந்தியாவில் முதலில் 1990-இல் கூடலூர்ப் பக்கம் கண்டுபிடித்தார்கள். அப்புறம் இனப்பெருக்கம். தேயிலைத் துளைப்பான் சேர்ந்த ஸைலிபோரினி வகையில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். அதற்குப் பறக்க முடியாது, கூடப் பிறந்த பெண்களோடேயே இணைசேரும். ஒரே ஒரு தாய் வண்டு ஒரு மரக்கட்டையோடு கப்பலேறி வேறு நாட்டில் இறங்கினாலும் ஒரு வம்சம் தொடங்கிவிடும் என்பதற்கு இதுதான் காரணம்.

இனி நான் செய்த தவறு. என் ஆய்வேட்டில் வண்டின் பெயரை யூவாலேசியா ஃபார்னிகேட்டஸ் என்று எழுதினேன். அன்று எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். அதில் ஃபார்னிகேட்டஸ் என்பது 1868-இல் ஐக்ஹாஃப் என்பவர் இலங்கை மாதிரியை வைத்துச் சூட்டிய இனப்பெயர். பிறகு மரபணுவைப் பார்த்தபோது, ஒரே இனம் என்று நினைத்தது ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் பல இனங்கள் என்று தெரிந்தது. தொலைந்ததாக நினைத்த மூல மாதிரி மறுபடி கிடைக்க, 2019-இல் அதை அளந்து பார்த்தார்கள். ஃபார்னிகேட்டஸ் என்ற பெயர் கலிபோர்னியா, இஸ்ரேல், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் பெர்த் என்று மரங்களைச் சாய்த்துவரும் வண்டுக்குப் போனது. தேயிலைத் துளைப்பானுக்கு பெர்பிரெவிஸ் என்ற பெயர் வந்தது. ஃபார்னிகேஷியர் என்று இன்னொன்றும் தேயிலையில் உண்டு.

சரி, நான் ஆராய்ந்தது இவற்றில் எது? என்னால் சொல்ல முடியவில்லை. எண்ணி முடித்த வண்டுகளை எல்லாம் கொட்டிவிட்டிருந்தேன். இரண்டு வருட உழைப்பின் எண்கள் இருக்கின்றன, அவை எந்த உயிரின் எண்கள் என்று மட்டும் தெரியவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அதனால் ஒவ்வொரு சுரங்கத்திலிருந்தும் சில பெண் வண்டுகளையாவது எடுத்துவையுங்கள். 70 சதவீத ஆல்கஹால் உருவம் பார்க்கப் போதும். மரபணுவுக்கு 95 சதவீதமாவது வேண்டும், குப்பி ஃபிரீசரில் இருக்கட்டும். பூஞ்சை வளர்க்க வேண்டுமென்றால் வண்டை மேலே கிருமி நீக்கம் செய்து, தலையை மட்டும் தனியாக நசுக்கி உருளைக்கிழங்கு அகாரில் இடுங்கள், உடம்பை அதே எண்ணிட்ட குப்பியில் போடுங்கள். வண்டும் பூஞ்சையும் ஒரே எண்ணில் இருந்தால்தான் நாளைக்கு இரண்டையும் சேர்த்துப் பேச முடியும்.

பழக, செலவு அதிகமில்லாத பொறி போதும். தண்ணீர் பாட்டிலில் பக்கவாட்டில் ஜன்னல் வெட்டி, உள்ளே எத்தனால் கலந்த சானிடைசர் கொஞ்சம் வைத்து மரத்தில் தொங்கவிடுங்கள். வாடும் மரம் விடும் எத்தனால் வாசனை என்று நினைத்துப் பல இனங்கள் வந்து விழும். ஆனால் தேயிலைத் துளைப்பானுக்குக் குவெர்சிவோரால் என்ற ஈர்ப்பு வாசனைப் பொருள்தான் நன்றாக வேலை செய்யும்.

வேலை என்று பார்த்தால் தேயிலை, காபி ஆராய்ச்சி நிலையங்கள், வன ஆராய்ச்சி, துறைமுகங்களில் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவு. எங்கே போனாலும் முதலில் கேட்பது, இந்த வண்டை அடையாளம் சொல்வாயா என்பதுதான். இறக்கை உறையின் பின்சரிவு, உணர்கொம்பின் குமிழ், முன்காலின் பற்கள் இவற்றை மைக்ரோஸ்கோப்பில் தினமும் ஒரு மணி நேரமாவது பாருங்கள். கண் பழக எனக்கு ஆறு மாதம் ஆனது.

குப்பிக்குள் போடும் சீட்டில் இடம், தேதி, எந்த மரம், கிளையின் பருமன், எடுத்தவர் பெயர் எல்லாம் இருக்கட்டும். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும்.