முதல் வருஷத்து எஞ்சின்

எங்கள் ஒர்க்‌ஷாப் குன்னூரில் இருக்கிறது. வருவதில் பெரும்பகுதி தேயிலை ஏற்றும் பிக்கப், எஸ்டேட் ஜீப், டூரிஸ்ட் டாக்சி. ஆனால் நான் தொழில் பழகியது கோவையில், ரேஸ் கார்களுக்கு எஞ்சின் கட்டும் ஒரு பட்டறையில். அது தெரிந்தவர்கள், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் வேகமான கார் வாங்க நினைத்தால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படி வந்தவர்தான் இந்த எஸ்டேட் குடும்பத்துப் பையன். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் டிராக் நாள் வைத்தால் தவறாமல் போவார். "அண்ணா, டிராக்குக்குன்னே செஞ்ச கார் ஒண்ணு வருதுங்க. எஞ்சின் முழுக்கப் புது டிசைன். முதல் பேட்ச்லயே புக் பண்ணிடட்டுமா, இல்ல ரெண்டு வருஷம் பொறுக்கட்டுமா?" என்று கேட்டார். கார் எது என்பது இங்கே முக்கியமில்லை. எந்தக் கம்பெனிக்காரைப் பற்றி இந்தக் கேள்வி வந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது 2013இல் வந்த போர்ஷே 911 ஜிடி3தான், டிராக்கிலும் ஓட்டும்படி செய்த ஸ்போர்ட்ஸ் கார்.

அதற்கு முந்தைய ஜிடி3களில் இருந்ததை மெட்ஸ்கர் எஞ்சின் என்பார்கள். ஹான்ஸ் மெட்ஸ்கர் என்ற எஞ்சினியர் வழிவந்த டிசைன். 1998இல் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்த போர்ஷே ஜிடி1 காரின் எஞ்சினோடு நெருங்கிய உறவுள்ளது. பந்தயத்தில் அடிபட்டு அடிபட்டுத் தேறியது என்பதால் அதன் மேல் ஓட்டுநர்களுக்குப் பெரிய மரியாதை. 2013இல் போர்ஷே அதை விட்டுவிட்டுப் புது எஞ்சின் கொண்டுவந்தது. 3.8 லிட்டர், 475 குதிரைசக்தி, நிமிஷத்துக்கு 9,000 சுற்று. கூடவே மேனுவல் கியரை எடுத்துவிட்டு இரட்டை கிளட்ச் பெட்டி, எலக்ட்ரிக் ஸ்டியரிங், பின்சக்கரமும் திரும்பும் அமைப்பு என்று எல்லாம் ஒரே நேரத்தில் மாறின.

அடுத்த பிப்ரவரியிலேயே ஐரோப்பாவில் இரண்டு கார்கள் தீப்பிடித்தன. அதுவரை செய்திருந்த 785 கார்களையும் ஓட்ட வேண்டாம் என்று போர்ஷே உரிமையாளர்களிடம் சொல்லிவிட்டது. காரணம் என்று பிறகு அறிவித்தது, பிஸ்டனை கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடில் இருந்த போல்ட் இணைப்பு தளர்ந்தது. தளர்ந்த ராடு கிராங்கைச் சுற்றியுள்ள கூடான கிராங்க் கேஸை உடைத்து, வெளியே வந்த ஆயில் தீப்பிடித்திருக்கிறது. 785 கார்களுக்கும் எஞ்சினையே மாற்றிக் கொடுத்தார்கள்.

ராடு போல்ட் என்றதும் எனக்குக் கை பரபரக்கும், ஏனென்றால் கோவையில் என்னை முதலில் உட்கார வைத்தது அந்த வேலையில்தான். எங்கள் மாஸ்டர் போல்ட்டைக் கையில் கொடுத்து, முறுக்குவதற்கு முன்னால் மைக்ரோமீட்டரில் அதன் நீளத்தை அளந்து எழுதச் சொல்வார். திரெட்டுக்கு அவர் சொன்ன எண்ணெயை மட்டும் தொட்டுப் போட வேண்டும். முறுக்கும் விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முதல் அளவு, அப்புறம் கோணம் பார்த்து இன்னொரு திருப்பு. பிறகு மறுபடி நீளம் அளக்க வேண்டும். போல்ட் ஒரு மயிரிழை நீண்டிருக்கும். அந்த இழுவைதான் ராடையும் மூடியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீளவில்லை என்றால் திரெட்டில் எங்கோ உராய்வு தின்றுவிட்டது, டார்க் ரெஞ்ச் என்ன காட்டினாலும் நம்பக்கூடாது. அதிகமாக நீண்டுவிட்டால் போல்ட் செத்துவிட்டது என்று குப்பையில் போடுவார். 9,000 சுற்று என்றால் கிராங்க் ஒரு விநாடிக்கு 150 முறை சுற்றுகிறது. பிஸ்டனை மேலே நிறுத்திக் கீழே இழுக்கும் விசை சுற்று வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 6,000இல் போல்ட் தாங்குவதைப் போல இரண்டே கால் மடங்கை 9,000இல் தாங்க வேண்டும். அந்த மயிரிழைக்கு அவர் ஏன் அப்படி அலட்டிக்கொண்டார் என்று எனக்குப் புரிந்தது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான்.

சரி, இவ்வளவு பெரிய கம்பெனி சோதிக்காமலா விட்டிருக்கும்? சோதித்திருப்பார்கள். சோதனை பெஞ்சில் முழு ஆக்சிலரேட்டரில் பல மணி நேரம் ஓட்டாமல் யாரும் இப்படி ஒரு எஞ்சினை விற்க மாட்டார்கள். ஆனால் சோதனையில் ஓடுவது சில எஞ்சின். அதைக் கட்டுபவர்கள் அதை டிசைன் செய்தவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள். விற்பனைக்கு வரும்போது பல கைகள், பல பேட்ச் உதிரி, பல விதமாக ஓட்டுபவர்கள். பெஞ்ச் காட்டாததை ஆயிரமாவது எஞ்சின் காட்டும்.

மலையில் இதை வேறு ஒரு வண்டியில் பார்த்தோம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபோது டீசல் பிக்கப்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி வந்தது. பிடித்த கரியை அவ்வப்போது அதுவே எரித்துத் தள்ள வேண்டும். அதற்கு சைலன்சர் பக்கம் 600 டிகிரி வரை சூடு ஏறி, கொஞ்ச நேரம் நிலைத்து நிற்க வேண்டும். கோவை, சேலம் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. எங்கள் வண்டிகளோ பறித்த இலையைச் சேரும் இடத்தில் ஏற்றிக்கொண்டு, பனியில் முதல் கியர், இரண்டாவது கியரில் உருண்டு, ஐந்தாறு கிலோமீட்டரில் ஃபேக்டரி வாசலில் நின்றுவிடும். கரி எரியும் அளவுக்குச் சூடே ஏறாது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கோடு வண்டிகள் வரிசையாக வந்தன. டிரைவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்கள் எப்போதும் ஓட்டுவது போலத்தான் ஓட்டினார்கள். வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் வரை இறங்கி, சமவெளியில் நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்ப ஆரம்பித்தோம். வெளிநாட்டில் எத்தனையோ வருஷம் ஓடித் தேறிய சாமான்தான் அது. எங்கள் ஓட்டத்துக்கு மட்டும் தேறவில்லை.

அதனால் 'நிரூபிக்கப்பட்ட எஞ்சின்' என்று யாராவது சொன்னால் எந்த ஓட்டத்துக்கு என்று நான் கேட்பேன். மலையில் பழகியவர்களுக்கு 'ஏற எந்தக் கியரோ இறங்கவும் அதே கியர்' என்பது பாலபாடம். பிரேக் சூடாகாமல் இருக்க அதுதான் வழி. ஆனால் இதை 9,000 சுற்று எஞ்சினில் வைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழுந்த காலை. வண்டியை எடுத்ததும் குன்னூர் இறக்கம். ஆக்சிலரேட்டரை மிதிக்கவே வேண்டாம், எரிபொருள் நின்றுவிடும், எஞ்சினில் சூடு பிறக்காது. ஆயில் கெட்டியாகவே இருக்கும், கியரோ சுற்றை மேலே தூக்கிப் பிடித்திருக்கும். வால்வைத் திறக்கும் கேம், கேமின் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் ராக்கர், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் எல்லாவற்றுக்கும் கெட்ட நேரம் அது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் நடுவுக்கு வந்துவிட்டது என்று பையன்கள் மிதிப்பார்கள். ஆயில் அதற்கு வெகு நேரம் பின்னால்தான் சூடாகும். ஆயில் சூடு 80 டிகிரி தாண்டும் வரை பாதி சுற்றுக்கு மேல் போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். கம்பெனியின் சோதனை ஓட்டம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் நம் வீட்டு வாசலில் இருந்து தொடங்குவதில்லை.

ஜிடி3 கதை போல்ட்டோடு முடியவில்லை. அதே எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் சிறு விரல் போன்ற நெம்புகோல்கள், அதாவது ராக்கர்கள், சில கார்களில் தேய ஆரம்பித்தன. தேய்ந்தால் அதிக சுற்றில் மிஸ்ஃபயர், அப்புறம் கேமிலும் கீறல். போர்ஷே அந்தக் கார்களின் எஞ்சினுக்கு வாரன்டியை 10 ஆண்டுக்கு நீட்டியது, அமெரிக்காவில் 1,20,000 மைல் வரை. 2017இல் வந்த 4.0 லிட்டர் எஞ்சினில் அந்த இடத்தில் ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைச் சரிக்கட்டும் ஹைட்ராலிக் அமைப்பையே எடுத்துவிட்டு, பந்தய எஞ்சின் போல இறுகிய அமைப்பாக மாற்றினார்கள். 9,000 சுற்று அப்படியே இருந்தது. 500 குதிரைசக்தி. இன்று அந்த 4.0 எஞ்சினைப் பற்றிப் பேசும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பையன், "அப்படின்னா பழைய எஞ்சின்தான் நல்லதுங்களாண்ணா?" என்றார். இல்லை. மெட்ஸ்கர் எஞ்சினிலும் நோய் உண்டு. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஓடும் குழாய் இணைப்புகளைப் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். சூடேறி ஆறிச் சூடேறிப் பல வருஷத்தில் அந்தப் பசை விட்டுப்போகும். டிராக்கில் திருப்பத்தில் போகும்போது விட்டால் கூலன்ட் பின் டயரில் கொட்டி வண்டி சுழலும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த நோய். எஞ்சினை இறக்கும்போது அந்த இணைப்புகளை வெல்டு வைத்தோ, ஆணி போன்ற பின் ஒன்றை அடித்தோ இறுக்கிவிடுவார்கள், தீர்ந்தது. எனக்கு எஞ்சின் மேல் நம்பிக்கை வருவது அதன் நோய் தெரிந்த பிறகுதான். நோயே இல்லாத எஞ்சின் என்று ஒன்றை நான் இதுவரை கழற்றியதில்லை. புது எஞ்சினில் பயம் அது கெட்டுப்போகும் என்பதல்ல, எங்கே கை வைத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது என்பதுதான்.

கரிவரதனை இந்த இடத்தில் நினைத்துக்கொள்வேன். கோவையில் இருந்துகொண்டு நம் பையன்களுக்கு ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்துகொடுத்தவர், அந்தச் செட்டிபாளையம் டிராக்கே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காருக்கு அவர் எடுத்தது தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800இன் எஞ்சின். சேசிஸ் புதுசு, எஞ்சின் எல்லா மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றத் தெரிந்தது. எங்கள் ஊர் மலை ரயிலிலும் அதே புத்தியைப் பார்க்கலாம். சுவிட்சர்லாந்தில் செய்த பழைய எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களுக்குத் துணையாக 2011 முதல் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதியவை செய்தார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரியும்படி மாற்றினார்கள். ஏற்றத்தில் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் பல்சக்கரத்துக்குத் தனி சிலிண்டர் என்ற பழைய கட்டமைப்பைத் தொடவில்லை. ஒன்றை மாற்றும்போது மற்றதை நிலையாக வைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் பிடித்த வேலைமுறை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லோரும் இரண்டு வருஷம் பொறுத்தால் எந்த எஞ்சினும் தேறாது. 4.0 எஞ்சின் நன்றாக வந்ததற்கு 3.8 வாங்கியவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அதோடு, போல்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல் முழு எஞ்சினையும் மாற்றிய கம்பெனியை, பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்ட கம்பெனியை நான் மதிக்கிறேன். எஞ்சின் உடைந்த அன்று செய்தவன் என்ன செய்கிறான் என்பதற்கு, பெஞ்சில் எத்தனை மணி நேரம் ஓட்டினான் என்பதைவிட நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

எனவே அவரிடம் சொன்னது இதுதான். கம்பெனி இதற்கு முன் தவறு வந்தபோது எப்படி நடந்துகொண்டது என்று பாருங்கள். டிராக் நாளில் ஓட்டினால் வாரன்டி செல்லுமா, நேரம் குறிக்கும் போட்டியில் ஓட்டினால் செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். எஞ்சின் கெட்டால் மாற்று எஞ்சின் வெளிநாட்டில் இருந்து வந்து சேர எத்தனை நாள், அதுவரை காரை எங்கே வைப்பார்கள் என்றும் கேளுங்கள். மலையில் தினமும் ஓட்ட வேறு வண்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டிராக் நாளுக்கு அப்புறமும் ஆயில் சாம்பிள் லேபுக்குப் போகட்டும். சர்வீஸில் கழற்றும் பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் வாங்கி வாருங்கள். நான் அதை வெட்டி, மடிப்பை வெள்ளைத் துணியில் விரித்துப் பார்த்துச் சொல்கிறேன். காந்தத்தில் ஒட்டும் துகள் என்றால் கேம், ராக்கர் பக்கம். காந்தத்துக்கு வராமல் செம்பு நிறத்தில் மினுங்கினால் பேரிங். எஞ்சின் சத்தம் போடுவதற்கு வெகு முன்னாலேயே அந்தத் துணி சொல்லிவிடும்.

அவர் டீலரிடம் கேட்டார். டிராக் நாளில் ஓட்டலாம் என்று போனில் சொன்னார்களே தவிர எழுதித் தரவில்லை. பையன் புக்கிங்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார். எழுத்து வந்தால் முதல் பேட்சிலேயே எடுத்திருப்பேன் என்றார், அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. இப்போது இருக்கும் காருக்கு அடுத்த டிராக் நாளுக்குள் பிரேக் ஆயிலும் முன் பேடும் மாற்ற வேண்டும், வியாழக்கிழமை வண்டியை விடுகிறார்.