மந்தக் காலத்தில் பொனேர்: டைவர்கள் குறைந்தால் எது முதலில் தேய்கிறது?

பொருளாதார மந்தம் வந்துவிட்டால் ஹோட்டல்களில் எத்தனை அறை காலி என்றுதான் எல்லோரும் முதலில் விசாரிக்கிறார்கள். கடலுக்கடியில் நீந்தும் டைவிங்கை நம்பிப் பிழைக்கும் பொனேர் போன்ற தீவில் அந்தக் கணக்கு தாமதமாகத்தான் உண்மையைக் காட்டும். அறைகள் ஓரளவு நிரம்பியிருக்கும்போதே டைவ் கடையின் கல்லாவில் பணம் வற்றத் தொடங்கியிருக்கும். சிலிண்டரில் காற்று நிரப்பும் கம்ப்ரெசரின் ஃபில்டரும் படகைக் கட்டும் மிதவைக் கயிறும் தங்கள் ஆயுள் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கும்.

தீவைப் பற்றிக் கொஞ்சம். வெனிசுவேலா கரைக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பொனேர். 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 ஜனவரி 1 முதல் அமெரிக்க டாலர்தான் நாணயம். காற்று ஆண்டு முழுவதும் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். சாலையோரம் மஞ்சள் வண்ணம் பூசிய கற்களில் டைவ் தளங்களின் பெயர்கள் எழுதியிருக்கும். பிக்கப் வண்டியில் சிலிண்டர்களைப் போட்டுக்கொண்டு போய், கல் இருக்கும் இடத்தில் நிறுத்தி, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். படகு தேவையில்லை. மந்தக் காலத்தில் இந்தத் தீவு மற்ற கரீபியன் தீவுகளைப்போல நடந்துகொள்ளாததற்குக் காரணமே இதுதான்.

படகில்லாமல் டைவ் செய்ய முடியாத தீவில், கையில் காசு குறைந்த டைவர் பயணத்தையே கைவிடுவார். பொனேருக்கு அவர் வருவார். வந்து கரையிலிருந்தே இறங்குவார். அவர் வெட்டும் செலவுகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் படகுப் பயணம் போகும். அடுத்து பயிற்சி வகுப்புகள், வழிகாட்டியுடன் போகும் இரவு டைவ், கேமரா வாடகை. அதற்கடுத்து வெளியே சாப்பிடும் இரவு உணவு. சமையலறை உள்ள அறையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார். வாடகை உபகரணங்களுக்குப் பதிலாகத் தன்னுடையதையே பெட்டியில் கட்டிக்கொண்டு வருவார். ஆறு நாளும் அளவில்லாமல் காற்று நிரப்பிக்கொள்ளும் பேக்கேஜை மட்டும் விடமாட்டார். மலிவானதும் அதுதான், அவர் வந்த காரியமும் அதுதான்.

இனி கடைக்காரரின் பக்கத்திலிருந்து பாருங்கள். எண்கள் எடுத்துக்காட்டுக்காகத்தான், விகிதத்தைக் கவனித்தால் போதும். நல்ல காலத்தில் வாரத்துக்கு 40 பேர், ஒருவருக்கு நாளுக்கு 4 சிலிண்டர், ஆறு நாள்: மொத்தம் 960. மந்தத்தில் 30 பேர்தான் வருகிறார்கள். படகை விட்டுவிட்டதால் கரையில் கூடுதலாக ஒரு டைவ் போடுகிறார்கள், நாளுக்கு 5 சிலிண்டர்: மொத்தம் 900. ஆட்கள் கால் பங்கு குறைந்தும் நிரப்ப வேண்டிய சிலிண்டர் ஆறு சதவீதம்தான் குறைந்தது. வழக்கமான அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர், 50 பார் (பார் என்பது அழுத்த அளவு) மிச்சத்தோடு திரும்பி வருவதை 207 பாருக்கு ஏற்ற ஏறக்குறைய 1.7 கன மீட்டர் காற்று வேண்டும். மணிக்கு 30 கன மீட்டர் தரும் கம்ப்ரெசருக்கு 960 சிலிண்டர் என்றால் வாரம் 54 மணி நேரம் வேலை. 900 என்றால் 51 மணி நேரம். மின்கட்டணமும் எண்ணெயும் ஃபில்டரும் அப்படியே நிற்க, லாபம் தந்துகொண்டிருந்த படகும் வகுப்பும் போய்விட்டன. செலவு சிலிண்டரோடு போகிறது, வருமானம் மற்றவற்றோடு போகிறது என்ற இந்த முடிச்சைப் புரிந்துகொள்ளாமல் பொனேரின் மந்தத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

படகின் கணக்கு இன்னும் கடுமை. கேப்டன், வழிகாட்டி, டீசல் எல்லாம் சேர்த்து ஒரு பயணத்துக்கு 250 டாலர், ஓர் இருக்கை 50 டாலர் என்று வையுங்கள். ஐந்து பேர் வந்தால் கையைக் கடிக்காது. நான்கு பேர் என்றால் ஒவ்வொரு பயணமும் நஷ்டம். பயணத்தை ரத்து செய்தால், படகுக்காகவே வந்த அந்த நான்கு பேரும் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார்கள். பக்கத்துக் கடையோடு பேசி இரண்டு கடை ஆட்களையும் ஒரே படகில் ஏற்றுவதுதான் இதற்கு நல்ல வழி. போட்டியைப் பார்த்து அதற்குத் தயங்கும் கடைகள்தான் முதலில் படகை விற்கின்றன.

சரிவு எப்போது தெரியும் என்பது அடுத்த சிக்கல். டைவ் பயணத்தைப் பல மாதங்களுக்கு முன்பே முன்பணம் கட்டிப் பதிவு செய்வது வழக்கம். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானபோது, அடுத்த ஜனவரி, பிப்ரவரி உச்ச பருவத்துக்குப் பலர் ஏற்கெனவே பணம் கட்டியிருப்பார்கள். அந்தக் குளிர்காலக் கூட்டத்தைப் பார்த்து, நம் தீவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று புது சிலிண்டரும் புது வண்டியும் வாங்குபவர் கோடையில் மாட்டிக்கொள்வார். அதனால் வந்திறங்கியவர்களை எண்ணிப் பயனில்லை. இந்த வாரம் புதிதாக வந்த முன்பணம் எவ்வளவு என்று எண்ண வேண்டும்.

குழுப் பயணங்கள் இதை இன்னும் மோசமாக்கும். அமெரிக்காவில் உள்ள ஒரு டைவ் கடை 16 இடங்களை மொத்தமாக எடுக்கும். ஏழெட்டுப் பேர் பணம் கட்டினால் ஓர் இடம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள ஏற்பாடு. அந்த இலவச இடத்தில்தான் குழுவை அழைத்து வருபவர் வருகிறார். நாலைந்து பேர் விலகினால் இலவச இடங்களில் ஒன்று போய்விடும், கட்டுப்படியாகாமல் அவர் பயணத்தையே ரத்து செய்வார். ஐந்து பேர் வேலை இழந்ததற்கு ஹோட்டல் 16 பேரை இழக்கிறது. இறக்கம் சீரான சரிவாக வராமல் படிக்கட்டுபோல, திடீர் திடீரென்று வருவது இதனால்தான்.

2008இல் இன்னொரு அடியும் சேர்ந்தே விழுந்தது. புயல் பாதைக்குத் தெற்கே இருப்பதால் பொனேருக்கு நேரடிப் புயல் அபூர்வம். ஆனால் அந்த அக்டோபரில் ஓமர் புயல் வடக்கே கடந்தபோது அலைகள் வழக்கத்துக்கு எதிரான திசையிலிருந்து மேற்குக் கரையை அடித்தன. கரையோரக் கட்டுமானங்களும் ஆழம் குறைந்த பவளமும் சேதமாயின. பழுது பார்க்கக் காசு வேண்டிய அதே மாதங்களில்தான் முன்பணம் வருவது நின்றுகொண்டிருந்தது.

நாணய மாற்றைப் பலர் கவனிப்பதில்லை. பொனேரின் விருந்தினர்களில் அமெரிக்கரும் நெதர்லாந்துக்காரரும் முக்கியமானவர்கள், விலை டாலரில். டாலரை ஏற்பதற்கு முன்பிருந்த கில்டர் நாணயமும் டாலரோடுதான் கட்டப்பட்டிருந்தது. 2008 ஜூலையில் ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 1.60 டாலர், அதே ஆண்டு நவம்பரில் 1.25 அளவுக்கு இறங்கியது. 1,500 டாலர் பேக்கேஜ் 940 யூரோவிலிருந்து 1,200 யூரோவாகிவிட்டது. தீவில் ஒரு விலைகூட ஏறவில்லை. 2022 ஜூலையில் யூரோவும் டாலரும் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றாக வந்தன. வெளியூர்ப் பயணிகளுக்கு 75 டாலர் நுழைவு வரி தொடங்கியதும் அதே மாதம்தான். இரண்டு சந்தைகளும் ஒரே நேரத்தில் விழாமல் இருப்பது பொனேரின் பலம். மந்தத்தில் டாலர் வலுப்பெறும்போது அந்தப் பலம் ஐரோப்பியப் பக்கத்தில் உடைகிறது.

விமானம் பற்றி ஒன்று மட்டும். அமெரிக்காவிலிருந்து வரும் நேரடி விமானங்களில் பல வார இறுதியை ஒட்டியவை. பேக்கேஜ்களும் சனி முதல் சனி வரை என்றே போடப்படுகின்றன. அந்த ஒரு விமானத்தை நிறுத்தினால் ஒரு வாரத்து வருகையே பாதிக்கப்படும். பக்கத்துத் தீவான குராசாவ் வழியாகச் சிறு விமானத்தில் மாறி வருவதென்றால் பெட்டியின் எடைக்குக் கட்டுப்பாடு, டைவ் சாமான் மட்டுமே 18, 20 கிலோ வரும். அந்தப் பகுதியை இணைத்துவந்த இன்சல் ஏர் விமான நிறுவனம் 2019இல் திவாலானது.

இப்போது கடை எதைக் குறைக்கிறது என்று பார்ப்போம், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மூச்சுக் காற்றுக்கான கம்ப்ரெசரின் ஃபில்டரில் ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடையும், எண்ணெய் ஆவியைப் பிடிக்கும் கரியும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவை மாற்றும் ஹாப்கலைட்டும் இருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுள் 20 டிகிரி வெப்பத்துக்கான மணிக்கணக்கு. பொனேரின் சூட்டில் காற்று அதிக ஈரத்தைச் சுமப்பதால் அது சுமார் பாதிக்கு இறங்கிவிடும். காசைச் சேமிக்க ஃபில்டரை இன்னும் ஒரு வாரம் ஓட்டினால், முதலில் சல்லடை ஈரத்தால் நிறையும். பிறகு ஈரம் ஹாப்கலைட்டை எட்டும். நனைந்த ஹாப்கலைட் வேலை செய்யாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 4 பார், அதாவது கரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு; காற்றில் கலந்த கார்பன் மோனாக்சைடின் அழுத்தமும் அதே அளவு ஏறும். ஃபில்டரில் மிச்சம் பிடிப்பதை எந்த மந்தமும் நியாயப்படுத்தாது.

ஆட்களைக் குறைப்பது அடுத்த தவறு. இன்ஸ்ட்ரக்டர்களில் பலர் வெளிநாட்டவர். வேலை போனால் தீவை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். சந்தை திரும்பும்போது புது ஆளுக்கு அனுமதி வாங்கவும் பழக்கவும் மாதங்கள் ஆகும். கார்பாட்டா என்ற டைவ் தளத்தில் எந்த அலையில் இறங்கக் கூடாது, தெற்கே நீரோட்டம் எப்போது வலுக்கும் என்பதெல்லாம் ஏட்டில் கிடைக்காது. வேலை நேரத்தை எல்லோருக்கும் சமமாகக் குறைத்து ஆட்களை வைத்துக்கொள்ளும் கடைதான் பிறகு முதலில் எழுகிறது.

விலையைக் குறைப்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். அறை வாடகையை நேரடியாகக் குறைத்தால் பக்கத்து ஹோட்டலும் குறைக்கும், திரும்ப ஏற்ற ஆண்டுகள் பிடிக்கும். அதற்குப் பதில் ஏழாவது இரவு இலவசம், நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடிய காற்றுக் கலவை) இலவசம், ஒரு படகுப் பயணம் இலவசம் என்று கொடுப்பது மேல். பட்டியல் விலை அப்படியே நிற்கும். காலியாகப் போகவிருந்த இருக்கையைக் கொடுப்பதால் கடைக்குக் கூடுதல் செலவும் குறைவு.

பவளப்பாறையின் பங்கு இதில் எல்லாவற்றையும்விடப் பெரிது. கரை நீரிலிருந்து 60 மீட்டர் ஆழம் வரை தீவைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் 1979 முதல் தேசியக் கடல் பூங்கா. ஸ்டினாப்பா என்ற அறக்கட்டளை அதை நடத்துகிறது. 1992இல் டைவர்களிடம் 10 டாலர் கட்டணம் தொடங்கியது. 2005இல் அது 25 டாலரானது. ரேஞ்சர்களும் மிதவைகளும் கண்காணிப்பும் இந்தப் பணத்தை நம்பியவை. தலைக்கணக்கு குறைந்தால் வரவு அன்றே குறையும், செலவு குறையாது. இங்கே நங்கூரம் போடத் தடை என்பதால் படகுகள் மிதவையில்தான் கட்ட வேண்டும். அந்தக் கயிறு நீர்மட்டத்துக்கு அருகே வெயிலிலும் பாசியிலும், அடியில் பிடிப்பில் உரசியும் தேயும். மாற்றுவதைத் தள்ளிப்போட்டு ஒரு நாள் அறுந்தால், படகு போய் மோதுவது பவளத்தின் மேல்.

கடலும் மந்தம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. 2009 அக்டோபரில் பொனேரில் முதல் சிங்கமீன் தென்பட்டது. அட்லாண்டிக்கைச் சேராத இந்த மீன் பவளப்பாறையின் குஞ்சு மீன்களை விழுங்கிவிடும். 1971 முதல் ஈட்டி மீன்பிடிப்புக்குத் தடை இருந்தும், பயிற்சி பெற்ற தன்னார்வ டைவர்களுக்குச் சிங்கமீனுக்கென்று தனி விலக்கு தரப்பட்டது. 2010இல் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. தண்ணீருக்குள் கண்களும் கைகளும் அதிகம் தேவைப்பட்டது உலகமே செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான். நல்ல ஆண்டுகளில் வரும் கட்டணத்தில் ஒரு பகுதியைப் பூங்காவுக்கென்று ஒதுக்கிவைப்பதை விருப்பத்துக்கு விடாமல் விதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2020 மார்ச்சில் கோவிட் எல்லைகளை மூடியபோது வந்தது வேறு வகைச் சரிவு: வருமானம் குறையவில்லை, நின்றேபோனது. ஓடாத கம்ப்ரெசருக்குள் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். வாரம் ஒரு முறையாவது அழுத்தத்தோடு நன்றாகச் சூடேறும் வரை ஓட்டி நீரை வடிக்க வேண்டும். சிலிண்டர்களை முழுக்கக் காலி செய்யாமல் கொஞ்சம் அழுத்தத்தோடு நிமிர்த்தி வைக்க வேண்டும்; வால்வு திறந்து கிடந்தால் ஈரக்காற்று உள்ளே போகும். பிக்கப்களை உப்புக் காற்று தின்னும்.

மூடிய கடைகளின் சிலிண்டர்கள் கைமாறும்போது கழுத்தில் குத்தியிருக்கும் தேதியைப் பார்ப்பது முக்கியம். 1980களின் இறுதி வரை 6351 என்ற அலுமினியக் கலவையில் செய்தவற்றில் கழுத்தில் விரிசல் விழும் குறை இருந்தது.

மந்தக் காலத்தில் பொனேருக்குப் போகிறவர்களுக்கு: மலிவு விலை கிடைக்கும், வாங்கிக்கொள்ளலாம். காற்றுப் பரிசோதனை கடைசியாக எப்போது நடந்தது என்று கடையில் கேளுங்கள்; அறிக்கையைக் காட்டத் தயங்காத கடையில் பதிவு செய்யுங்கள். சிலிண்டரில் ஆண்டுச் சோதனை ஸ்டிக்கரும், ஐந்து ஆண்டுக்குள் நடந்த நீரழுத்தச் சோதனையின் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். நைட்ராக்ஸ் இலவசமானாலும் ஒவ்வொரு சிலிண்டரின் ஆக்சிஜன் அளவையும் நீங்களே அளந்து எழுதுங்கள். வாரத்தில் ஒரு முறையாவது படகில் போங்கள். அந்த ஐந்தாவது இருக்கை உங்களுடையதாக இருக்கலாம்.