சி.ஏ. ஃபைனலும் ஏ.டி.எச்.டி. மாத்திரையும்: பெங்களூரில் நான் போன வழி

ஆர்ட்டிகிள்ஷிப்பில், அதாவது சி.ஏ. படிப்போடு ஆடிட்டர் ஆபீஸில் எடுக்கும் பயிற்சியில், இருப்பவர்களுக்கு செப்டம்பர் மாதம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 30ஆம் தேதிக்குள் டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் எல்லாம் ஏற்றியாக வேண்டும். ராத்திரி ஆபீஸ் முடிந்து வீட்டுக்கு வந்து, அப்புறம் ஃபைனலுக்குப் படிக்க வேண்டும். எங்கள் வட்டத்தில் மாத்திரைப் பேச்சு தலைதூக்குவது அப்போதுதான். "மோடாஃபினில் இருக்கு, ஒண்ணு போட்டா விடிய விடிய உட்காரலாம்" என்பான் ஒருவன். "ரிட்டலின் மாதிரி ஒண்ணு, எங்க ஃபேமிலி டாக்டர்கிட்ட கேட்டா எழுதித் தருவார்" என்பாள் இன்னொருத்தி. என் சித்தி மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு நீட் பி.ஜி.க்குப் படிக்கிறாள். அவள் ஹாஸ்டலிலும் இதே பேச்சுதானாம்.

நான் இப்போது மெத்தில்ஃபெனிடேட் எடுத்துக்கொள்கிறேன், ரிட்டலினில் இருக்கும் மருந்து அதுதான். எனக்கு ஏ.டி.எச்.டி., அதாவது சிறு வயதிலிருந்தே கவனம் நிலைக்காத குறைபாடு, இருக்கிறது என்று முறையாகப் பரிசோதித்துச் சொன்ன பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்தது. இது தெரிந்ததிலிருந்து கூடப் படிப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எங்கே போனாய், என்ன கேட்டார்கள், மாத்திரை எங்கே கிடைக்கும், போட்டால் பாஸாகிவிடலாமா? எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதிலை இப்போதே சொல்கிறேன்: எனக்கு உண்மையில் உதவியது பரிசோதனையும் அதன் பிறகு தொடர்ந்த கவனிப்பும். மாத்திரை அதில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

எனக்கு இருந்த பிரச்சினை பரீட்சைக்காக முளைத்தது இல்லை. ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங்கில் கன்சாலிடேஷன் கணக்கு, அதாவது தாய் நிறுவனத்தின் கணக்கையும் துணை நிறுவனத்தின் கணக்கையும் ஒன்றாகச் சேர்க்கும் கணக்கு, ஒன்றை எடுப்பேன். கேள்வியே ஒன்றரைப் பக்கம் இருக்கும். முதல் பத்தி படித்து, துணை நிறுவனத்தில் எத்தனை சதவீதம் பங்கு என்று குறித்துக்கொண்டு, அடுத்த பத்திக்குப் போவதற்குள் மனம் எங்கோ போயிருக்கும். திரும்ப முதலிலிருந்து படிப்பேன். ஒரு கணக்குக்கே மாலைப் பொழுது போய்விடும். ஆபீஸிலோ நேர்மாறாக, பக்கத்தில் ஆள் உட்கார்ந்து அவசரப்படுத்தினால் ரசீதுகளைச் சரிபார்க்கும் வவுச்சிங்கில் மற்றவர்கள் விட்ட தப்பைக்கூடக் கண்டுபிடித்துவிடுவேன். எங்கள் மேனேஜர் மேடத்தின் பையனுக்கு ஏ.டி.எச்.டி. உண்டு. அவர்தான் ஒரு நாள் தனியாக அழைத்து, "உன்னைப் பார்த்தால் என் பையன் ஞாபகம் வருகிறது, ஒரு தடவை டாக்டரிடம் காட்டு" என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். ஆறு கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பெயரில் வரும் சுயமதிப்பீட்டுத் தாள் அது, அதில் தவறில்லை. ஆனால் அது சல்லடை மட்டும்தான். மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளத்தான் உதவும், அதை வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. அங்கே டிக் அடித்து முடித்ததும் மருந்துச் சீட்டே வந்துவிட்டது. பிரஷர் பார்க்கவில்லை, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்கவில்லை. என் அப்பாவுக்கு பிரஷரும் உண்டு, ஸ்டென்ட்டும் உண்டு. நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடிய மருந்தை இதைக் கேட்காமல் எழுதியது எனக்குப் பயமாக இருந்தது, கோபமும் வந்தது. இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை. அந்தச் சீட்டுக்கு நான் மருந்து வாங்கவில்லை.

அப்புறம் ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசின் மனநல மருத்துவமனைக்குப் போனேன். முதல் நாள் பதிவு செய்து உட்கார்ந்தால் சுருக்கமாகப் பார்த்துவிட்டு, விரிவான பரிசோதனைக்கு வேறொரு நாள் கொடுத்தார்கள். செலவு தனியாரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, நேரம்தான் அதிகம் பிடிக்கும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போவது நல்லது. வரும்போது பள்ளிக்கூட ரேங்க் கார்டுகளையும், என்னைச் சிறு வயதிலிருந்து பார்த்த ஒருவரையும் கூட்டிவரச் சொன்னார்கள். ரேங்க் கார்டு எதற்கு என்று முதலில் புரியவில்லை. காரணம் இதுதான்: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 என்ற 2013ஆம் ஆண்டு வரையறைப்படி, பெரியவர்களுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, வேலை, படிப்பு என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருக்க வேண்டும். ஃபைனல் வந்த பிறகு மட்டும் கவனம் சிதறுகிறது என்றால் அதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

அம்மா பீரோவிலிருந்து ரேங்க் கார்டுகளை எடுத்தார். எங்கள் மர்ஃபி டவுன் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது, அதனால் ஒன்றாம் வகுப்பிலிருந்து எல்லாம் இருந்தன. இரண்டாம் வகுப்பில் மிஸ் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "கேர்லெஸ். டாக்ஸ் டூ மச்." நான்காம் வகுப்பில் வேறொரு மிஸ்: "கேபபிள், பட் டே ட்ரீம்ஸ்." கையெழுத்து வேறு, பேனா வேறு, சொன்னது ஒன்றுதான். ஜூனியர் டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

பிறகு அம்மாவிடம் கேட்டார். டாக்டர் கேட்டது கன்னடத்தில். அம்மா கிருஷ்ணகிரிப் பக்கம், கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர், கன்னடம் நன்றாகப் பேசுவார். கன்னடத்தில்தான் ஆரம்பித்தார், போகப் போகத் தமிழுக்கு வந்துவிட்டார். "படிப்புல கெட்டிக்காரிதான் சார். ஆனா ஹோம்வொர்க் நோட்டை ஸ்கூல்லயே விட்டுட்டு வந்துடுவா. ரேஷன் கடைக்கு அனுப்புனா பாதி வழியில நின்னு எதையாவது பாத்துக்கிட்டு இருப்பா, கையில கார்டு இருக்கறதே மறந்துடும். நான் திமிருன்னு நெனச்சு அடிச்சிருக்கேன்." அடித்ததை அம்மா இன்னொரு தடவையும் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்தி, அந்தக் காலத்தில் இது யாருக்கும் தெரியாதும்மா, உங்கள் மேல் குற்றம் இல்லை என்று கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். இதற்காகவே நான் அந்த டாக்டரை மறக்க மாட்டேன்.

என்னிடம் கேட்ட கேள்விகளும் கவனத்தைப் பற்றி மட்டும் இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், குறட்டை உண்டா, மனச்சோர்வு, பதற்றம் உண்டா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, குடிப்பழக்கம், கஞ்சா, எடுக்கும் வேறு மருந்து, அப்பாவின் இதயம். தைராய்டு, ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி. எல்லாம் எடுத்தார்கள். கடைசியில் சீனியர் டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு ஏ.டி.எச்.டி. என்று சொன்னார். மெத்தில்ஃபெனிடேட், அல்லது ஊக்க மருந்து வகையில் சேராத, பலன் தெரிய சில வாரம் பிடிக்கும் அடமாக்ஸெட்டின், இரண்டில் எது என்பதை என்னோடு பேசித்தான் முடிவு செய்தார்.

அடுத்த பாடு மருந்து வாங்குவது. மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வாங்கி இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். இதை விற்கத் தனி லைசன்ஸ் தேவை, அதனால் பெரும்பாலான மெடிக்கல் ஷாப்பில் இருக்காது. பெயரைச் சொன்னதும் ஒரு கடையில் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள், இன்னொரு கடையில் "அதெல்லாம் வைக்கிறதில்லம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லைசன்ஸ் உள்ள கடையில் பூட்டிய அலமாரியிலிருந்து எடுத்து, நோட்டில் என் பெயர், டாக்டர் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தார்கள். அட்டையில் சிவப்பில் எக்ஸ்.ஆர்.எக்ஸ். என்று இருக்கும். வீடியோ காலில் டாக்டரைப் பார்த்து வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். 2020இல் வந்த டெலிமெடிசின் விதிமுறைப்படி இந்த வகை மருந்தை அப்படி எழுதவே கூடாது. கிளம்பும் முன் கடைக்குப் போன் செய்து ஸ்டாக் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு வார மாத்திரை இருக்கும்போதே அடுத்ததைத் தேட ஆரம்பிப்பது நல்லது. அமெரிக்க சீரியலில் வரும் அடெராலைக் கேட்டு அலைய வேண்டாம், அது இந்திய மருந்துக் கடைகளில் விற்பனையில் இல்லை.

பாதி மாத்திரையில் ஆரம்பித்து வாரா வாரம் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போட வேண்டும், ஏனென்றால் பிறகு பசிக்காது. முக்கால் மணி நேரத்தில் வித்தியாசம் தெரிந்தது. உற்சாகம், பரபரப்பு என்று எதுவும் வரவில்லை. கேள்வியின் இரண்டாம் பத்திக்குப் போனபோது முதல் பத்தி மனதில் இருந்தது. பன்னிரண்டு வரி படித்து, பன்னிரண்டும் நின்றது எனக்குப் புது அனுபவம். மூன்று நான்கு மணி நேரம் அப்படி. வாய் உலர்ந்துபோகும், மத்தியானம் சோறு இறங்காது, மருந்தின் பலன் குறையும் சாயங்கால நேரத்தில் யார் பேசினாலும் எரிச்சல் வரும். ஃபில்டர் காபி காலையில் ஒன்று போதும் என்று டாக்டர் சொன்னார், ஏனென்றால் இரண்டும் சேர்ந்து நெஞ்சு படபடக்கும். அப்பாவின் பிரஷர் மெஷினில் தினமும் பார்த்து எழுதிக்கொண்டு போவேன். முதலில் ஏற்றிய ஒரு அளவில் நாடி கூடியது, அதைப் பார்த்து டாக்டர் குறைத்தார். நண்பனிடம் வாங்கிப் போடுகிறவர்களுக்கு இந்தக் குறைக்கிற ஆள் இல்லை. எனக்கு அதுதான் கவலை.

மாத்திரை கொடுப்பது கவனத்தை. அதை எதில் வைப்பது என்று அது சொல்லாது. சைக்காலஜிஸ்ட் மேடம் இதை முதல் நாளே சொல்லிவிட்டார். மாத்திரை போடும் முன்பே இன்றைக்கு எந்த சாப்டர், எந்தக் கணக்கு என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிட வேண்டும். போன் அடுத்த அறையில். பக்கத்தில் படிக்கிற ஒரு ஆள் இருப்பது எனக்குப் பெரிய உதவி, அதனால் சித்தி மகளும் நானும் அல்சூர் ஏரிப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகத்தில் எதிரெதிரே உட்காருவோம்.

ஏ.டி.எச்.டி. இல்லாதவர்களுக்கும் இது மூளையைக் கூர்மையாக்கும் என்று எங்கள் பேட்ச்சில் உறுதியாக நம்புகிறார்கள். 2023இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 40 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின், மோடாஃபினில், வெறும் மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்து, எந்தெந்தப் பொருளைப் பையில் போட்டால் எடை மீறாமல் அதிக மதிப்பு வரும் என்ற வகைக் கணக்கைப் போடச் சொன்னார்கள். மருந்து போட்டவர்கள் அதிக நேரம் எடுத்தார்கள், அதிகமாக முயன்றார்கள், ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. வெறும் மாத்திரையில் சராசரிக்கு மேலே இருந்தவர்கள் மருந்தில் சராசரிக்குக் கீழே போகும் போக்கும் தெரிந்தது. நம் ஃபைனல் பேப்பரில் 30 சதவீதம் கேஸ் சினாரியோ கேள்வி. நான்கு விடையில் மூன்று சரி மாதிரியே இருக்கும். அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்பதா கணக்கு, நிதானமாகப் பிரித்துப் பார்ப்பதா? மோடாஃபினில் தூக்கத்தைத் தள்ளிப்போடும், படித்தது மனதில் தங்கத் தேவையான தூக்கத்தைத் திருப்பித் தராது. கருத்தடை மாத்திரையின் பலனை அது குறைக்கும் என்பதும், அரிதாகத் தோலில் ஆபத்தான தடிப்பு வரும் என்பதும் கைமாற்றிக் கொடுப்பவர்கள் யாரும் சொல்வதில்லை.

பரீட்சைக்கு முன்பு நெருங்கிய தோழி ஒருத்தி என்னிடமே ஒரு அட்டை கேட்டாள். கண்ணில் நீர் நிற்கக் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. மெத்தில்ஃபெனிடேட் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வருகிறது. கொடுத்தால் எனக்கும் சிக்கல், வாங்கினால் அவளுக்கும் சிக்கல். சட்டம் இல்லாவிட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன், அவள் இதயம் எப்படி இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவளுக்கு ஏ.டி.எச்.டி. இல்லை. ஹீமோகுளோபின் மிகக் குறைவு, மாதக்கணக்கில் நான்கு மணி நேரத் தூக்கம், அதோடு பதற்றம். இரும்புச் சத்து மாத்திரையும் கவுன்சலிங்கும் கொடுத்தார்கள், ஒரு அட்டெம்ப்ட் தள்ளிப்போட்டாள். இப்போது நன்றாகப் படிக்கிறாள்.

என் நிலை: முதல் குரூப் முடிந்தது. ஒவ்வொரு பேப்பரிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் என்ற கோட்டைத் தாண்டியதில் எனக்கும் வீட்டுக்கும் சந்தோஷம். இரண்டாம் குரூப் பாக்கி. அது முடிந்ததும் மருந்தை நிறுத்திப் பார்த்து, தேவையா என்று மறுபடி முடிவு செய்யலாம் என்கிறார் டாக்டர். அடுத்த ரிவ்யூவுக்கு அம்மாவும் வருகிறேன் என்கிறார். ஏ.டி.எச்.டி. குடும்ப வழியாக வரக்கூடியது என்று டாக்டர் சொன்னதிலிருந்து, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் சித்தப்பா பையனைப் பற்றி அவரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவனுடைய ரேங்க் கார்டுகளைச் சித்தப்பாவிடமிருந்து வாங்கி வைத்துவிட்டார்.