ஒரு சுளை கூடவா?

"பலாச்சுளை ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டா என்னம்மா ஆயிடும்?" என்று ஒரு சர்க்கரை நோயாளி கேட்டபோது நான் எழுதிக்கொண்டிருந்த காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஒண்ணுகூட வேணாம் ஐயா" என்றேன். என்ன சாப்பிடலாம், எது கூடாது என்று சொல்வதுதான் என் வேலை. டயட் ஷீட்டைக் கையில் கொடுத்தேன். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். நடந்தது இவ்வளவுதான்.

அவருக்குப் பண்ருட்டிப் பக்கம் ஊர். வைகாசியில் அந்த ஊர்க்காரரிடம் பலாவைத் தொடாதே என்பது, கடற்கரைத் தேவனாம்பட்டினத்துக்காரரிடம் மீன் வேண்டாம் என்பது மாதிரி. எனக்கு அது தெரியாமல் இல்லை. மூன்று சுளை என்று சொன்னால் வீட்டுக்குப் போனதும் அது பத்தாகும், அதனால்தான் அப்படிச் சொன்னேன். அதுவும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 என்று ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தவர். அவரிடம் உபசாரமா பேச முடியும்?

மூன்று வாரம் கழித்து மனைவியோடு வந்தார். பேசியதெல்லாம் அந்த அம்மாள்தான். "ராத்திரி ரெண்டு மணி இருக்கும்மா. பனியன் தொப்பலா நனைஞ்சி, கையெல்லாம் நடுங்குது. என்னைப் பார்த்தே யாருன்னு கேக்கிறாரு. சக்கரை வியாதிக்காரருக்குச் சக்கரை குடுக்கலாமான்னு யோசிச்சிக்கிட்டே நின்னேன். அப்புறம் ஆனது ஆகட்டும்னு கரைச்சி ஊத்திட்டேன்."

அந்த 'யோசிச்சிக்கிட்டே நின்னேன்' எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. எங்கள் ஷீட்டில் சர்க்கரைப் படத்தின் மேல் பெரிதாகச் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி உண்டு. ரத்தத்தில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள் என்று அதே ஷீட்டில் எங்கேயும் இல்லை.

விஷயம் இதுதான். பகலில் பலா சாப்பிட்டிருக்கிறார். அதற்கு ஈடுகட்ட ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருக்கிறார். மாத்திரையை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறார். அந்த மாத்திரை, கிளிமிபிரைடு, சோறு வந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டு இருக்காது, கணையத்தைத் தட்டி இன்சுலினை இறக்கிவிடும்.

ராத்திரி சாப்பிட வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்டேன். போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். பதினாறு மணி நேரம் வயிற்றைக் காயப்போட்டால் எந்தப் பழத்தையும் சாப்பிடலாமாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படிச்சவங்க சொல்றதை விட்டுட்டு இதையா ஐயா நம்புவீங்க?"

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "அவரு சாப்பிடலாம்னாரும்மா. நீங்க கூடாதுன்னீங்க."

வீடியோக்காரர் இவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்கவில்லை. கேட்கவும் முடியாது. ஆனால் என் மேசையில் சீட்டு இருந்தது, கிளிமிபிரைடு என்று டாக்டர் கையெழுத்தில் இருந்தது. இந்த மாத்திரை போட்டால் எந்த வேளையும் பட்டினி கிடக்கக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்வேன். அன்றைக்கு அவரிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன். டோக்கன் கூப்பிட்டுவிட்டார்களே, சொல்லாமலும் விட்டிருக்கலாம்.

சரி, அந்த ஷீட்டை எழுதியது யார்? நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே ஜெராக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஓட்ஸும் ஆப்பிளும் உண்டு, கம்பங்கூழைப் பற்றி ஒரு வரி கிடையாது. மண்ணுக்குக் கீழே விளைவது எதுவும் ஆகாது என்று எழுதியிருக்கும். "அப்ப மல்லாட்டையும் வேணாமா?" என்று ஒரு பாட்டி ஒருமுறை கேட்டார். சிரித்து மழுப்பினேன். நிலக்கடலை ரத்தச் சர்க்கரையைப் பெரிதாக ஏற்றாது. கேரட்டில் 100 கிராமுக்குப் பத்து கிராம் மாவுச்சத்துகூட இல்லை. அது தெரிந்தும் அந்த வரியை நான் அடிக்கவில்லை. ஊர்பேர் தெரியாத வீடியோ என்று அவரைத் திட்டினேனே, நான் நீட்டிய காகிதத்துக்கு மட்டும் ஊரும் பேரும் இருந்ததா?

2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) ஆய்வில், எங்கள் கடலூருக்குப் பக்கத்துப் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை. நான்கில் ஒருவருக்கு மேல். அப்படி இருக்கிற இடத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரும் வைத்தியம் சொல்லத்தான் செய்வார். அவர்கள் நடுவில் நானும் ஒரு குரல். என்ன, என்னிடம் டிகிரியும் மேசையும் இருக்கின்றன.

அன்று சாயந்திரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு தள்ளுவண்டியில் சுளை வாங்கிப் போய் வீட்டுத் தராசில் வைத்தேன். கொட்டை எடுத்தபின் ஒன்று 32 கிராம், இன்னொன்று 21. நூறு கிராம் சுளையில் சுமார் 23 கிராம் மாவுச்சத்து. மூன்று சுளை ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். காலையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு மூன்று சுளை சாப்பிடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள் என்று சொல்ல அரை நிமிஷம் போதும். ஆனாலும் 9.4-க்கு அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் பாதி நேரம் தோன்றுகிறது. சொல்லியிருந்தால் அவர் பத்துதான் சாப்பிட்டிருப்பார். ஆனால் ராத்திரி சோறும் சாப்பிட்டிருப்பார்.

அந்த 'மண்ணுக்குக் கீழே' வரியை இப்போது பேனாவால் அடித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். போன வாரம் நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். பலா கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு, இட்லிக் கணக்கையும் சேர்த்து, மூன்று என்றேன்.

"பெருசுல மூணா, சின்னதுல மூணா?" என்றார்.