சக்கரத்தைப் பிடித்தால் விடாத டிரெய்லர் பிரேக்

படகு டிரெய்லரின் இரண்டு சக்கரமும் இப்போது கையால் தட்டினாலே சுற்றுகின்றன. மதுரையிலிருந்து மண்டபம் கடற்கரைக்குப் போகும் வழியில் மானாமதுரை தாண்டுவதற்குள் பிரேக் டிரம் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்) தோசைக்கல்லாகக் காய்ந்துவிடும் வண்டி இது. டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை மாற்று, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை மாற்று, ஸ்பிரிங் செத்துப்போச்சு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒரு பட்டறையில் எதையும் கழற்றாமலே மொத்த செட்டுக்கும் விலை எழுதிக் கொடுத்தார்கள். கடைசியில் சிக்கியது, சேசிஸிலிருந்து அச்சுக்கு இறங்கும் முழ நீள ரப்பர் ஹோஸ்.

என்னுடையது மாருதி 800 பின் அச்சு, டிரம் பிரேக், முன்னால் சர்ஜ் கப்ளர். இழுக்கும் வண்டி பிரேக் போட்டால், டிரெய்லர் முன்னால் தள்ளும் வேகமே கப்ளரில் உள்ள மாஸ்டர் சிலிண்டரை அழுத்தி, ஆயிலைச் சக்கரங்களுக்கு அனுப்பும். மிதி கிடையாது என்பதால் கம்பியை வைத்து நெம்பித்தான் மாஸ்டர் சிலிண்டரை அழுத்த வேண்டும். ஜாக்கியில் தூக்கி அப்படி அழுத்தினேன், சக்கரம் இறுகியது. கம்பியை எடுத்த பிறகும் இறுகியே நின்றது. டிரெய்லர் வண்டியிலிருந்து கழன்றுகொண்டால் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் அவசரச் சங்கிலி பாதி இழுபட்டு நின்றாலும் இப்படி ஆகும் என்பதால் அதை முதலில் பார்த்துவிட்டேன். தளர்வாகத்தான் இருந்தது.

அடுத்தது பிளீடிங் நிப்பிள், அதாவது வீல் சிலிண்டரிலிருந்து காற்றை வெளியேற்றும் துளையுள்ள திருகு. அதைத் திறந்ததும் ஆயில் பீய்ச்சியடித்து சக்கரம் விட்டால், அழுத்தம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். திறந்தும் விடவில்லையென்றால் கோளாறு டிரம்முக்குள். இந்த ஒரு சோதனைக்கு முன்னால் எந்தச் சாமானும் வாங்கக்கூடாது என்பது என் கட்சி.

ஆனால் உப்புத் தண்ணீர் குடித்த நிப்பிள் லேசில் திறக்குமா? ரிங் ஸ்பானர் வேண்டாம், ஆறு பட்டை சாக்கெட்தான். நிப்பிளின் துளைக்குள் சரியான அளவு டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகிவிட்டால் முறுக்கும்போது நசுங்காது. டபிள்யூடி-40 அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தலையில் சின்னச் சுத்தியலால் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, அப்புறம் கழற்றும் பக்கம். சூடாக்கிக் கழற்றலாம் என்று பிரேக் ஆயில் இருக்கும் இடத்தில் கேஸ் டார்ச்சைக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே ரப்பர் கப்பும் கருகும். இடது பக்கம் திறந்தது. ஆயில் பீய்ச்சியது, இரண்டு சக்கரமும் ஒன்றாக விட்டன.

மறுபடி அழுத்தி, மாஸ்டர் சிலிண்டர் வாயில் உள்ள பைப் நட்டைத் தளர்த்தினேன். அங்கே விட்டிருந்தால் பழி மாஸ்டர் சிலிண்டர் மேல் விழும். விடவில்லை. ஹோஸின் மேல்முனையைத் தளர்த்தினேன், அப்போதும் விடவில்லை. கீழ்முனையைத் தொட்டதும் முகத்தில் அடித்தது!

ஹோஸை அறுத்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் கெடவில்லை. நடுவில் பிடித்திருந்த இரும்புக் கிளாம்ப்தான் துருவேறிப் பருத்து, உள்பக்கமாக ஹோஸை நெரித்திருக்கிறது. துளை ஊசி அளவுக்குச் சுருங்கிவிட்டது. டிரெய்லர் தள்ளும் வேகத்தில் ஆயில் அதன் வழியே போய்விடும். திரும்பி வர ஷூ ஸ்பிரிங்கின் இழுப்பு மட்டும்தானே, அதனால் முடியவில்லை. கிளாம்பை விட்டுவிட்டு ஹோஸை மட்டும் மாற்றியிருந்தால் திரும்பவும் இதே கதைதான். லேத்தில் சொல்லி எவர்சில்வர் தகட்டில் கொஞ்சம் பெரிதாக ஒன்று செய்து, ரப்பர் புஷ் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

ஹோஸ் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. டிராக்டர், ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அழுத்தித் தரும் கடைகளில் "அளவு கொடுங்கண்ணே, அரை மணியில போட்டுத் தர்றோம்" என்பார்கள். அந்த ஹோஸின் உள்ரப்பர் பெரும்பாலும் நைட்ரைல். மினரல் ஆயிலுக்குத்தான் சரி, கிளைகால் பிரேக் ஆயிலில் கெட்டுப்போகும். ரப்பர் தொழிலுக்குப் பேர்போன மதுரையில் இருந்துகொண்டு இதில் ஏமாறக்கூடாது. கார் பிரேக் ஹோஸ் என்று கேட்டே வாங்குங்கள்.

பைப்பில் புகுந்த ஏர் எடுக்க மெடிக்கல் கடையில் வாங்கிய 50 மில்லி சிரிஞ்ச் போதும். நிப்பிள் வழியாகக் கீழிருந்து ஆயிலை ஏற்றினால் குமிழ் தானாக மேலே போய்விடும். மாஸ்டர் சிலிண்டர் நிரம்பி வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பெயின்ட்டை உரித்துவிடும். ஊற்றியது டாட் 4 ரகப் பிரேக் ஆயில். புது டாட் 3 கொதிக்க 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் குடித்துவிட்டால் குறைந்தபட்சம் 140, 155 என்று இறங்கிவிடும். தண்ணீரில் இறங்கும் வண்டிக்கு வருஷம் ஒருமுறை மாற்றுவதே நல்லது.

உத்தங்குடியிலிருந்து கப்பலூர் வரை ரிங் ரோட்டில் இழுத்துப் போய் டிரம்மைத் தொட்டேன், கை வைக்க முடிந்தது. கடற்கரை போய்ச் சேர்ந்ததும் டிரெய்லரை உடனே தண்ணீரில் இறக்க வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சூடான ஹப் சட்டென்று குளிர்ந்தால் சீல் வழியாகக் கடல்தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், பேரிங் போச்சு. ஒரு டீ குடித்துவிட்டு இறக்கலாம்.

அடுத்து ரிவர்ஸ் பூட்டு. பின்னால் தள்ளும்போதும் கப்ளர் அழுந்திப் பிரேக் பிடிக்கிறது, ஒவ்வொரு முறையும் இறங்கிப் போய் கப்ளரைப் பூட்டும் முள்ளைச் செருக வேண்டியிருக்கிறது. ரிவர்ஸ் லைட் கம்பியில், மின்சாரம் வந்ததும் பிரேக் ஆயிலைத் தடுக்கும் சோலனாய்டு வால்வு ஒன்றை இணைக்கலாம் என்று நினைக்கிறேன். இரும்புப் பைப்பை எடுத்துவிட்டுச் செம்பு-நிக்கல் பைப் போடும் எண்ணமும் உண்டு, பைப் முனையை விரிக்கும் ஃபிளேரிங் டூல்தான் யாரும் இரவல் தர மாட்டேன் என்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால் வலது நிப்பிள் இருக்கிறது. அதன் பட்டை ஏற்கனவே உருண்டுபோய் சாக்கெட்டே பிடிக்கவில்லை, இப்போதைக்கு அந்தப் பக்கம் பைப் நட்டைத் தளர்த்தித்தான் ஏர் எடுத்திருக்கிறேன். மதுரை வடக்கு வெளி வீதிக் கடையில் அந்தப் பக்கத்துக்குப் புது சிலிண்டர் சொல்லி வைத்தாயிற்று.