ஒரே தேதியில் இரண்டு இரவு: சாங்கி டு ஜேஎஃப்கே

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் அண்ணன் மகன் கேட்டான், "சித்தப்பா, இங்கேர்ந்து நியூயார்க் எவ்ளோ தூரம்?" தேடிப் பார்த்தேன், 15,349 கிலோமீட்டர். அவன் மேசையில் இருந்த பூமி உருண்டையை எடுத்து சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தான். நூல் நேராக வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. யோசித்தால் சரிதான். சிங்கப்பூர் கிழக்கில் 104 டிகிரி, நியூயார்க் மேற்கில் 74, கூட்டினால் 178. உருண்டையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். குறுக்கு வழி என்றால் துருவத்தின் தலைமேல் ஏறி இறங்குவதுதான்.

துருவம் வழியாகத்தான் போகப்போகிறோம் என்று நினைத்து ஜன்னல் சீட் வாங்கினேன். வீண்.

நள்ளிரவு தாண்டி விமானம் கிளம்பியது. திரையில் பார்த்தால் வடக்கே போகாமல் ஜப்பான் பக்கமாக வளைந்து பசிபிக்குக்குள் இறங்கிவிட்டது. மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் காற்று முதுகில் தள்ளினால், கூடுதலாக ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். அட்டவணையில் 18 மணி 40 நிமிடம் என்று போட்டிருந்தது, பைலட் அறிவித்தது 17 மணி 50. இணையத்தில் கிடைக்கும் தூரக் கணக்கு நூலுக்குத்தான் பொருந்தும், விமானத்துக்கு இல்லை.

இந்த மாதிரி ரொம்ப நீண்ட ரூட்டுக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் ரக விமானம் அது. 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், சாதாரண ஏ350-ஐவிட 24,000 லிட்டர் அதிகம். அந்தக் கனத்துக்கு ஈடாக ஆளைக் குறைத்துவிட்டார்கள், மொத்தமே 161 சீட், சாதாரண எகானமி கிடையாது. அதனால் டிக்கெட் விலையைப் பற்றி நான் பேசுவதாக இல்லை. இதற்கு முன்னால் 2004-லிருந்து நான்கு என்ஜின் ஏ340-500 ஒன்று நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான நியூவர்க்குக்கு ஓடியது, எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013-இல் நிறுத்தினார்கள். இரண்டே என்ஜினோடு இந்தப் புதியது வந்தபிறகுதான் 2018-இல் நேரடி சேவை மறுபடியும் தொடங்கியது.

தூக்கம்தான் கஷ்டம். ஏறும்போது இருட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் பசிபிக்கின் மேல் வெயில், இரண்டு படம் பார்ப்பதற்குள் மறுபடி இருட்டு. இறங்கியபோது காலை ஆறு மணி. தேதி மட்டும் மாறவே இல்லை! பசிபிக் நடுவே இருக்கும் தேதிக் கோட்டைக் கிழக்கே தாண்டினால் நாட்காட்டி ஒரு நாள் பின்னால் போகும், அதனால் ஒரே வெள்ளிக்கிழமையில் இரண்டு இரவு. எந்த வேளைச் சாப்பாடு என்றே தெரியாமல் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டேன்.

திரும்பும்போது இன்னும் வேடிக்கை. வந்த வழியே போகும் என்று பார்த்தால் அட்லாண்டிக், ஐரோப்பா, அப்புறம் இந்தியாவின் மேலாக வங்காள விரிகுடா. அன்றைக்குக் காற்று அப்படி. ஆக கிழக்கே கிளம்பி கிழக்கேயே போய் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன், உலகத்தை முழுசாக ஒரு சுற்று. முருகன் மயிலேறிச் சுற்றியதும் இப்படித்தான் இருந்திருக்கும், பழம் அவருக்கும் கிடைக்கவில்லை. வெள்ளி இரவு ஏறி ஞாயிறு விடியலில் இறங்கினேன். போகும்போது கிடைத்த அந்த உபரி இரவுக்கு ஈடாக ஒரு சனிக்கிழமையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அண்ணன் மகனிடம் சொன்னேன். அவன் நூலை எடுத்து உருண்டையைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு வைத்துவிட்டான்.