மண்ணிலிருந்து ஒரு ஜீனோம்

ஆகஸ்ட் 27, 2024

பென்சில்வேனியாவில் நான் வேலை செய்யும் சிறிய கல்லூரியில் முதலாண்டு உயிரியல் லேப் இன்று தொடங்கியது. 16 பேர். ஆளுக்கொரு குழாயைக் கொடுத்து, வெளியே போய் மண் அள்ளி வரச் சொன்னேன். அந்த மண்ணிலிருந்து பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸைப் பிடிக்க வேண்டும், ஃபேஜ் என்பார்கள். அதன் ஜீனோமை, அதாவது முழு டிஎன்ஏ வரிசையைப் படித்து மரபணுக்களைக் குறிப்பது அடுத்த பருவத்தில். ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனமும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் கிரஹாம் ஹாட்ஃபுலும் 2008-இல் தொடங்கிய சீ-ஃபேஜஸ் திட்டம் இது. எங்களுக்கு முதல் வருஷம்.

நான் திருச்சியில் படித்தபோது, வெங்காய வேர் நுனியை மைக்ரோஸ்கோப்பில் வைக்கும் முன்பே ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து முடித்திருப்போம். இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி வேண்டாம் என்றுதான் இதற்காக இரண்டு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 12

மண் கரைசலை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ் என்ற பாக்டீரியாவுடன் கலந்து, இளகிய அகார் கூழோடு தட்டில் ஊற்றி வைத்திருந்தோம். காசநோய்க் கிருமியின் உறவுதான், ஆனால் சாது. பாக்டீரியா வளர்ந்தால் தட்டு பால்போல் மங்கும். ஃபேஜ் தின்ற இடம் மட்டும் வட்டமாகத் தெளிந்திருக்கும். 16 தட்டில் 5-இல்தான் வட்டம்.

ஒரு பெண்ணுக்கு இரண்டாம் முறையும் ஒன்றுமில்லை. தன் கை சரியில்லையோ என்று கேட்டாள், கண் கலங்கியிருந்தது. அவளிடம் அந்தக் கத்திரிக்காய்க் கதையைச் சொன்னேன். 2010-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு மாணவி, அழுகிய கத்திரிக்காயின் அடியிலிருந்து ஒரு ஃபேஜைப் பிரித்தெடுத்தாள். மருந்துக்கு அடங்காத தொற்றால் லண்டனில் தவித்த 15 வயதுப் பெண்ணுக்கு, 2018-இல் கொடுத்த மூன்று ஃபேஜ்களில் அதுவும் ஒன்று. அந்தப் பெண் தேறினாள்.

செப்டம்பர் 26

அன்று கண் கலங்கிய மாணவி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் உரக்குழியிலிருந்து மண் எடுத்து வந்தாள். இன்று தட்டு முழுக்க வட்டம்! மற்றவர்கள் எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பிப்ரவரி 11, 2025

வரிசைப்படுத்தத் தேர்ந்தெடுத்தது அவளுடைய ஃபேஜைத்தான். அதன் டிஎன்ஏ சுமார் 51,000 எழுத்து நீளம். ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது என்பதில் இன்று முழு வகுப்பும் மாட்டிக்கொண்டது. மரபணுக்களைத் தேடித் தரும் இரண்டு மென்பொருள்களில், கிளிம்மர் ஏடிஜி என்ற மூன்றெழுத்துத் தொடக்கத்தைக் காட்டுகிறது. ஜீன்மார்க், 33 எழுத்து முன்னால் இருக்கும் ஜிடிஜியை. ஏடிஜிதான் வழக்கமான தொடக்கம், நானும் அதையே நினைத்தேன்.

எது சரி என்று கேட்டார்கள். எனக்குத் தெரியாது, விடைத்தாள் என்று ஒன்று எங்கும் கிடையாது என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன், ஜிடிஜியில் தொடங்கினால் முந்தைய மரபணுவின் முடிவோடு சரியாக 4 எழுத்து மேற்படிகிறது என்று காட்டினான். ஃபேஜ்கள் இடத்தை வீணாக்குவதில்லை. இந்த 4 எழுத்து மேற்படிவு அவற்றில் சகஜம். உறவுள்ள ஃபேஜ்களை எடுத்துப் பார்த்தோம், பெரும்பாலானவற்றில் ஜிடிஜிதான். என் முடிவை மாற்றிக்கொண்டேன். ஒரே மரபணுவுக்கு 50 நிமிஷம். வேறு எந்த வகுப்பிலும் இவ்வளவு சந்தோஷமாக நேரம் போனதில்லை.

ஏப்ரல் 22

பாதிக்கு மேற்பட்ட மரபணுக்களுக்கு நேராக ‘செயல் அறியப்படவில்லை’ என்றே எழுதினோம். ஊகித்து எதையாவது போட யாருமே கேட்கவில்லை.

ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் பதிவதற்கான பட்டியலில் 16 பெயரையும் சேர்த்தேன். மாலையில் ஒரு பையன் கதவைத் தட்டினான். அவன் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. நான் திருத்தும்வரை பக்கத்திலேயே நின்றான்.